சுகர், கிட்னி, கேன்சர் இருக்கறவங்களுக்கு அடுத்த தடவை கொரோனா மாதிரி ஏதாவது வந்தா தடுப்பூசி சீக்கிரம் கிடைக்கணும்னா இன்னைக்கே பண்ணி வைக்க வேண்டியது

எங்கம்மாவுக்கு 2021ல 54 வயசு. வடசென்னை கொருக்குப்பேட்டைல இருக்கோம், அம்மாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். அந்த வருஷம் மார்ச் 1ஆம் தேதியில இருந்து 60 வயசு தாண்டினவங்களுக்கும், 45ல இருந்து 59 வயசுக்குள்ள பெரிய வியாதி இருக்கறவங்களுக்கும் கொரோனா ஊசின்னு அறிவிச்சாங்க. அம்மா கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைச்சு விடறது) போட்ட இடம் கயிறு மாதிரி புடைச்சிட்டு இருக்கும், பாத்தாலே டயாலிசிஸ் ஆளுன்னு தெரியும், இதுக்கு மேல என்ன வேணும்னு நெனச்சு ஆதார் கார்டையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துட்டு ஒரு சென்டருக்கு கூட்டிட்டு போனேன். ரெண்டு மணி நேரம் க்யூல நின்னதுக்கு அப்புறம், டாக்டர் கையெழுத்து போட்ட சர்டிஃபிகேட் இல்லியே, அது இல்லாம போட முடியாதும்மான்னு சொல்லிட்டாங்க. டயாலிசிஸ் முடிஞ்ச மறுநாள், நிக்கவே முடியாத ஆளு, வெயில்ல திரும்பி வந்தோம். அந்த சிஸ்டர் மேல எனக்கு கோவம் இல்ல, ரூல்படி அவங்க சொன்னது சரி. ஆனா அன்னைக்கு ஒண்ணு நல்லா புரிஞ்சுது, வியாதி இருந்தா மட்டும் க்யூல முன்னாடி விட மாட்டாங்க, வியாதி இருக்குன்னு சொல்ற பேப்பர் இருந்தாதான் விடுவாங்க. அந்த பேப்பரை வியாதி பரவுற நேரத்துல தேடி ஓடக்கூடாது, இப்ப சும்மா இருக்கும்போதே ரெடி பண்ணி வெச்சிடணும். அதுக்குதான் இதை எழுதறேன்.

முதல்ல, உங்க வீட்டு ஆளு "ஹை ரிஸ்க்" லிஸ்ட்ல வருவாரான்னு எப்படி பாக்கறது. 2021ல குடுத்தது 20 வியாதி இருந்த லிஸ்ட். அதுல சும்மா "சுகர் இருக்கு"ன்னா போதாது, பத்து வருஷத்துக்கு மேல சுகர் இருக்கணும் இல்லன்னா சுகரால கண்ணு, கிட்னி, கால்னு ஏதாவது பாதிச்சிருக்கணும், கூடவே பிபிக்கும் மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கணும். ஹார்ட்டுன்னா ஒரு வருஷத்துக்குள்ள ஹார்ட் ஃபெயிலியர்ல அட்மிட் ஆனவங்க, பைபாஸ் இல்ல ஸ்டென்ட் வெச்சு அதோட பிபியோ சுகரோ இருக்கறவங்க. பக்கவாதம் வந்திருந்தா அதுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் இருக்கணும். டயாலிசிஸ், கிட்னி லிவர் மாத்தினவங்க, மாத்த காத்திருக்கறவங்க, ரொம்ப நாளா ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்க, ரத்தத்துல வர்ற கேன்சர், கேன்சருக்கு இப்ப ட்ரீட்மென்ட்ல இருக்கறவங்க, தலசீமியா, ரெண்டு வருஷத்துக்குள்ள நுரையீரல் பிரச்சனைக்காக ஆஸ்பத்திரில படுத்தவங்க, ஹெச்ஐவி, மனவளர்ச்சி குறைபாடு, தசை சிதைவு நோய்னு லிஸ்ட் போச்சு. அடுத்து ஏதாவது வந்தா இதே லிஸ்ட் அப்படியே இருக்கும்னு சொல்ல வரல, ஆனா கேக்கற விதம் இப்படித்தான் இருக்கும்: எத்தனை வருஷமா, எப்ப அட்மிட் ஆனீங்க, இப்ப என்ன மாத்திரை. இந்த மூணு கேள்விக்கும் பேப்பர்ல பதில் இருக்கணும்.

நம்ம பக்கத்துல இது ரொம்ப முக்கியம். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் புகைலயும் சாம்பல்லயும் வளர்ந்து, ஹார்பர்ல மூட்டை தூக்கி, காசிமேட்டுல ஐஸ்லயே நின்னு வேலை செஞ்சு நுரையீரல் போனவங்க தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க, ஆனா அவங்களைக் கேட்டா "எனக்கு இன்னா வியாதி, சும்மா இழுப்புதான், மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப்பேன்"னுதான் சொல்லுவாங்க. மெடிக்கல் ஷாப்ல வாங்கற மாத்திரைக்கு ரெக்கார்டு கிடையாது. இருபது வருஷமா மூச்சு திணறல் இருந்தாலும் பேப்பர்ல நீங்க ஆரோக்கியமான ஆளுதான். அதனால இழுப்பு இருக்கறவங்க ஒரு தடவையாவது ஸ்டான்லிக்கோ, தண்டையார்பேட்டை அரசு ஆஸ்பத்திரிக்கோ, பெரியார் நகர் ஆஸ்பத்திரிக்கோ போய் ஓபி சீட்டு போட்டு, ஊதிப் பாக்கற டெஸ்ட் எடுக்கணுமான்னு கேட்டு, டாக்டர் கையால வியாதி பேரை எழுதி வாங்கிடுங்க. சுகர் பிபிக்கு நம்ம வார்டு கார்ப்பரேஷன் ஹெல்த் சென்டரே போதும், அங்க மாசாமாசம் மாத்திரை வாங்கினா அந்த நோட்டே பெரிய சாட்சி.

இப்ப ஃபைல். ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்க, மழை வந்தா வீட்டுக்குள்ள தண்ணி வர்ற ஏரியா நம்மளுது, பேப்பர் பையில வெச்சு டிசம்பர்ல மொத்தமா இழந்தவங்களை எனக்கே தெரியும். மேல வைக்க வேண்டியது ஒரே ஒரு பக்கம், டாக்டர் லெட்டர். அதுல பேரு ஆதார்ல இருக்கற மாதிரியே ஒரு எழுத்து மாறாம இருக்கணும், வயசு, வியாதி பேரு, எந்த வருஷத்துல இருந்து, கடைசியா எப்ப அட்மிட் ஆனது, இப்ப சாப்பிடற மாத்திரை, எந்த மருந்தாவது ஒத்துக்காதுன்னா அது. கீழ டாக்டர் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், முக்கியமா அவரோட மெடிக்கல் கவுன்சில் ரெஜிஸ்டர் நம்பர், தேதி. 2021 ஃபார்ம்ல ரெஜிஸ்டர் ஆன எந்த டாக்டரும் கையெழுத்து போடலாம்னு இருந்துச்சு, பெரிய ஸ்பெஷலிஸ்ட்தான் போடணும்னு இல்ல, இது தெரியாம நிறைய பேர் ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்காக ரெண்டு வாரம் காத்துக்கிட்டு இருந்தாங்க. எங்கம்மாவுக்கு கடைசில டயாலிசிஸ் நடக்கும்போதே டியூட்டி டாக்டர்கிட்ட ஃபார்மை நீட்டினேன், அஞ்சு நிமிஷத்துல போட்டு குடுத்தாரு. பக்கத்து பெட்ல இருந்தவங்களுக்கும் சேத்து நாலு ஜெராக்ஸ் எடுத்துட்டு போயிருந்தேன், அத்தனையும் அன்னைக்கே கையெழுத்தாச்சு. அதனால சொல்றேன், டாக்டர்கிட்ட "சர்டிஃபிகேட் வேணும் சார்"னு வெறுங்கையா நிக்காதீங்க, எழுத வேண்டியதை ஒரு துண்டு சீட்டுல ரெடியா எழுதிட்டு போங்க, ஓபில ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பாக்கறாங்கன்னு நமக்குத் தெரியும்.

லெட்டருக்கு கீழ கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, இப்ப சாப்பிடற மருந்துச் சீட்டு, எக்கோவோ ஸ்கேனோ பயாப்ஸியோ வியாதியை நிரூபிக்கற ஒரு ரிப்போர்ட், மாற்றுத்திறனாளின்னா அந்த கார்டு. பழைய ரத்த டெஸ்ட் எல்லாத்தையும் திணிக்காதீங்க, தடியா இருந்தா யாரும் பாக்க மாட்டாங்க. எல்லாத்தையும் போன்ல ஃபோட்டோ எடுத்து வீட்டுல இன்னொருத்தர் போனுக்கும் அனுப்பிடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை லெட்டரைப் புதுசாக்கிக்கிட்டா நல்லது, ரெண்டு வருஷத்து முந்தின தேதி போட்ட பேப்பரை வேணாம்னு சொல்ல வாய்ப்பு இருக்கு.

ஹெச்ஐவி இருக்கறவங்க இந்த இடத்துலதான் தயங்கி நின்னுடறாங்க, தெரு ஆளு க்யூல இருக்கும்போது பேப்பரை எப்படி நீட்டறதுன்னு. அந்த 2021 ஃபார்ம்ல பொறந்ததுல இருந்தே எதிர்ப்புச் சக்தி குறைவா இருக்கறதும் ஹெச்ஐவியும் ஒரே வரியில இருந்துச்சு, அதனால அந்த வரியைப் பாத்து ரெண்டுல எதுன்னு சொல்ல முடியாது. எப்பவும் மாத்திரை வாங்கற ஏஆர்டி சென்டர்லயே சொல்லி லெட்டர் வாங்கி, கவர்ல போட்டு நேரா ரெஜிஸ்டர் பண்ற ஆளு கையில மட்டும் குடுங்க. டோக்கன் குடுக்கறவருக்கு, செக்யூரிட்டிக்கு, பக்கத்துல நிக்கறவங்களுக்கு உங்க வியாதியை சொல்லணும்னு எந்த அவசியமும் இல்ல.

ரெஜிஸ்ட்ரேஷன். போன தடவை கோவின்ங்கற அரசு ஊசி பதிவு வெப்சைட்ல பண்ணோம், ஒரு மொபைல் நம்பர்ல நாலு பேரை சேக்கலாம்னு இருந்துச்சு, அப்புறம் ஆறு பேராச்சு. அடுத்து வேற ஆப் வரலாம், ஆனா ஓடிபி கண்டிப்பா வரும். அதனால அம்மா அப்பா நம்பரை ரீசார்ஜ் பண்ணாம சாக விடாதீங்க, இல்ல நிலையா இருக்கற உங்க நம்பர்லயே போடுங்க. எந்த ஐடி கார்டை வெச்சு ரெஜிஸ்டர் பண்ணீங்களோ அதே கார்டைத்தான் ஊசி போடற அன்னைக்கும் எடுத்துட்டு போகணும். ஆதார்ல ஒரு பேரு, ஆஸ்பத்திரி ரெக்கார்டுல வீட்டுல கூப்பிடற பேரு, ரேஷன் கார்டுல மூணாவது பேருன்னு நம்ம பெரியவங்க பாதி பேருக்கு இருக்கு, இதை அவசரம் இல்லாத நாள்ல சரி பண்ணிடுங்க. போன் இல்லாதவங்க பயப்பட வேண்டாம், 45 வயசுக்கு மேல இருக்கறவங்க நேரா போய் அங்கயே பதிவு பண்ணிக்கற வசதியும் 2021 மார்ச்லயே இருந்துச்சு.

எங்க போறது, எப்ப போறது. காசு குடுக்கற தனியார்ல 2021 மார்ச்ல ஒரு டோஸ் 250 ரூபா, அரசு இடத்துல இலவசம். ஊசி ரெண்டுலயும் அதேதான், அதனால அரசு ஊசி மட்டம்னு நெனச்சு நாள் கடத்தாதீங்க. எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கறவங்க பெரிய ஆஸ்பத்திரி ஓபி வழியா உள்ள போய் காய்ச்சல்காரங்களோட நிக்கறதை விட, வார்டு ஹெல்த் சென்டர் இல்ல ஸ்கூல்ல போடற கேம்ப் நல்லதுன்னு என் அபிப்ராயம், ஆனா மருந்து ஒத்துக்காம முன்னாடி பெரிய அலர்ஜி வந்தவங்களுக்கு மட்டும் இது பொருந்தாது, அவங்க ஸ்டான்லி மாதிரி எமர்ஜென்சி இருக்கற இடத்துல போட்டுக்கறதுதான் பாதுகாப்பு. ஸ்டாக் இருக்கான்னு கேட்டுட்டு கிளம்புங்க, 2021 மே ஜூன்ல காலைல ஆறு மணிக்கு போய் நின்னுட்டு ஸ்டாக் இல்லன்னு திரும்பினவங்க எத்தனையோ பேர். கார்ப்பரேஷன் நம்பர் 1913, சுகாதாரத்துக்கு 104, ரெண்டையும் போன்ல சேவ் பண்ணி வைங்க. டயாலிசிஸ்காரங்கள டயாலிசிஸ் இல்லாத நாள்ல கூட்டிட்டு போங்க, முடிஞ்ச அன்னைக்கு பிபி இறங்கிக் கிடப்பாங்க. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினா எவ்ளோ நேரம் ஆகும்னு நமக்குத் தெரியும், அரை மணி நேரம் முன்னாடியே கிளம்புங்க. வீல்சேர் ஆளுன்னா தண்டையார்பேட்டை, தியாகராயா காலேஜ், வண்ணாரப்பேட்டை மெட்ரோல லிஃப்ட் இருக்கு, ஷேர் ஆட்டோல ஏத்தி இறக்கறதை விட அது எவ்ளோவோ மேல்.

ஊசிக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது வியாதிக்கு வியாதி மாறும், இங்கதான் நெறைய பேர் தப்பு பண்றாங்க. சுகர்காரங்க பட்டினியா போகாதீங்க, சாப்பிட்டு மாத்திரை போட்டுட்டு போங்க, க்யூல லோ சுகர் ஆகி விழுந்தவங்களை நான் பாத்திருக்கேன், பையில ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணியும் இருக்கட்டும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க அதை நீங்களா நிறுத்தாதீங்க, ஊசி போடறதுக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, மெல்லிசான ஊசியில போட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தேய்க்காம அழுத்திப் பிடிச்சா போதும், அந்த மாத்திரைல வார்ஃபரின் சாப்பிடறவங்க மட்டும் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்கற டெஸ்ட், சமீபத்துல பாத்திருக்கணும். ஃபிஸ்டுலா இருக்கற கைல ஊசி வேணாம், மார்புல ஆபரேஷன் பண்ணி அக்குள்ல நெறிகட்டி எடுத்திருந்தா அந்தப் பக்கமும் வேணாம், எந்தக் கைன்னு நீங்கதான் சட்டையை மடிச்சு காட்டணும், அவங்களுக்கு தெரியாது. கீமோ ஓடிட்டு இருந்தா எந்த சைக்கிளுக்கு நடுவுலன்னு கேன்சர் டாக்டரையே கேளுங்க, எதிர்ப்புச் சக்தி செல்லைக் குறைக்கற ரிட்டுக்ஸிமேப் மாதிரி ஊசி போட்டவங்களுக்கு மாசக்கணக்குல எதிர்ப்பு சரியா உருவாகாது, அதனால தேதி ரொம்ப முக்கியம். ஸ்டீராய்டை மட்டும் "ஊசி வேலை செய்யாது"ன்னு யாரோ சொன்னாங்கன்னு பட்டுனு நிறுத்தாதீங்க, உயிருக்கே ஆபத்து.

எதிர்ப்புச் சக்தி கம்மியானவங்களுக்கு உயிரோட இருக்கற கிருமி வெச்சு செய்யற ஊசிங்க பொதுவா கூடாது. கோவிஷீல்டு, கோவேக்ஸின் ரெண்டும் அந்த வகை இல்ல, உடம்புல பெருகாது. புதுசா ஒரு ஊசி வந்தா முதல் கேள்வியா இதைத்தான் கேளுங்க: "டாக்டர், இது லைவ் ஊசியா?" இந்த ஒரு வார்த்தை போதும், அவங்களுக்குப் புரியும்.

ஹார்ட் ஆளுங்க பயத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். 2021 ஏப்ரல் 15ஆம் தேதி நடிகர் விவேக் ஊசி போட்டுக்கிட்டாரு, 17ஆம் தேதி மாரடைப்புல இறந்துட்டாரு. அன்னைல இருந்து எங்க தெருவுல ஸ்டென்ட் வெச்சவங்க ஒருத்தரும் ஊசி பக்கமே போகல, "அவருக்கே அப்படி ஆச்சு"ன்னு ஒரே பேச்சு. அவருக்கு முக்கியமான ரத்தக்குழாய்ல நூறு சதவீத அடைப்பு இருந்துச்சுன்னு அப்பவே டாக்டருங்க சொன்னாங்க, அப்புறம் மத்திய அரசோட குழு விசாரிச்சு அக்டோபர்ல ஊசியால இல்லன்னு சொன்னாங்க. ஆனா அதுக்குள்ள மே மாசம் வந்து போயிடுச்சு, ஸ்டான்லி வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்ன மாசம். பயந்தவங்களை திட்டாதீங்க, உக்காந்து பேசுங்க, அவங்க ஹார்ட் டாக்டர் வாயால ஒரு தடவை சொல்ல வெச்சுடுங்க, நம்ம பத்து தடவை சொல்றதை விட அது ஒண்ணு வேலை செய்யும்.

போட்டதும் அரை மணி நேரம் அங்கயே உக்காரணும், வேலை இருக்குன்னு ஓடாதீங்க, அலர்ஜி வந்தா அந்த அரை மணிக்குள்ள வர்றதுதான் அதிகம், மருந்தும் அங்கதான் இருக்கு. அன்னைக்கு ராத்திரி காய்ச்சல், உடம்பு வலி வரலாம், பாராசிட்டமால் போதும். கிட்னி ஆளுங்க மெடிக்கல்ல வலி மாத்திரைன்னு கேட்டு ப்ரூஃபென், டைக்லோஃபெனாக் வாங்கிப் போடவே கூடாது. கோவிஷீல்டு போட்டவங்களுக்கு 20 நாளுக்குள்ள தாங்க முடியாத தலைவலி, கண்ணு மங்கறது, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்கறதுன்னு வந்தா உடனே போகச் சொல்லி 2021 மே மாசம் அறிவிச்சாங்க, அது ரொம்ப அபூர்வம், ஆனா எந்த ஊசின்னாலும் இந்த மாதிரி வந்தா 108க்கு போன் போடறதுல யோசிக்காதீங்க.

ரெண்டாவது டோஸ் தேதியை காலண்டர்ல எழுதுங்க, ஆனா போற வாரம் ரூலை மறுபடி பாருங்க. அம்மா முதல் டோஸ் போட்டப்ப கோவிஷீல்டுக்கு நாலுல இருந்து ஆறு வாரம் இடைவெளின்னாங்க, மார்ச் 22ல நாலுல இருந்து எட்டு வாரம்னு மாத்தி, அதுலயும் ஆறுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள போட்டா நல்லதுன்னாங்க, மே 13ல பன்னண்டுல இருந்து பதினாறு வாரம். நாங்க மே முதல் வாரத்துல போய் போட்டுட்டதால தப்பிச்சோம், பத்து நாள் சோம்பேறித்தனம் பண்ணியிருந்தா ஜூன் வரைக்கும் ஒரே டோஸோட டயாலிசிஸ் வார்டுக்கு போயிட்டு வந்திருப்பாங்க.

டயாலிசிஸ்காரங்களுக்கு இன்னொண்ணு தெரிஞ்சிருக்கும், ஹெபடைடிஸ் பி ஊசி மத்தவங்களுக்கு போடறதை விட டபுள் அளவு, நாலு தடவை போடுவாங்க. ஏன்னா அவங்க உடம்பு ஒரு டோஸைப் பாத்து சரியா பாடம் கத்துக்காது. கொரோனாவுலயும் இதே கதைதான், 2021 அக்டோபர்ல உலக சுகாதார நிறுவனத்தோட நிபுணர் குழு எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்களுக்கு கூடுதலா ஒரு டோஸ் வேணும்னு சொன்னாங்க, இங்க கூடுதல் டோஸ் 2022 ஜனவரி 10ல இருந்துதான், அதுவும் சுகாதார ஊழியர்கள், முன்களப் பணியாளர்கள், வியாதி இருக்கற 60 வயசுக்காரங்கன்னு ஆரம்பிச்சாங்க. அதனால உங்க ஆளுக்கு கிட்னி மாத்தியிருந்தா, கீமோ ஓடினா, "இவருக்கு எக்ஸ்ட்ரா டோஸ் உண்டா"ன்னு ஒவ்வொரு செக்கப்லயும் கேளுங்க, கேட்டா கோச்சுக்க மாட்டாங்க.

இங்க ஒரு வருத்தத்தை சொல்லாம போக முடியல. எங்க எதிர் வீட்டு அண்ணனுக்கு அப்ப 31 வயசு, கிட்னி மாத்தின ஆளு. அந்த 20 வியாதி லிஸ்ட்ல அவர் வியாதி இருந்துச்சு, ஆனா வயசு 45 ஆகல, அதனால மார்ச்லயும் கிடையாது, ஏப்ரல்லயும் கிடையாது. தமிழ்நாட்டுல 18ல இருந்து 44 வயசுக்காரங்களுக்கு மே 20ல தான் ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் அண்ணன் வீட்டு அக்கா அவரை வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சு காப்பாத்தினாங்க. வியாதியை விட வயசை முன்னாடி வெச்சது தப்புன்னு நான் இன்னைக்கும் சொல்லுவேன். அடுத்த தடவை இப்படி ஒரு ரூல் வந்தா வார்டு கவுன்சிலர்கிட்ட, எம்எல்ஏ ஆபீஸ்ல மனு குடுங்க, தனியா குடுக்காதீங்க, உங்க டயாலிசிஸ் ஷிஃப்ட்ல இருக்கற எல்லாரும் சேந்து கையெழுத்து போட்டு குடுங்க.

படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு வீட்டுக்கே வந்து போடலாம்னு 2021 செப்டம்பர்ல மத்திய அரசே அனுமதி குடுத்துச்சு. அது தானா நடக்காது, பேரு லிஸ்ட்ல இருக்கணும். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டத்துல சுகர் பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்ற அக்காங்க இருக்காங்க இல்ல, அவங்ககிட்ட உங்க வீட்டுல நடக்க முடியாத ஆளு இருக்குன்னு இப்பவே பேரு, வயசு, வீட்டு அடையாளம் எழுதிக் குடுத்துடுங்க. மூணாவது மாடி, லிஃப்ட் இல்ல, தூக்கிட்டு இறங்க முடியாதுன்னு அதையும் சேத்து சொல்லுங்க.

கடைசியா வீட்டு ஆளுங்க. எதிர்ப்புச் சக்தி கம்மியானவங்களுக்கு ஊசி போட்டாலும் பாதிதான் புடிக்கும்னா மீதியை நம்மதான் ஈடு கட்டணும், அவங்க கூட ஒரே ரூம்ல படுக்கற எல்லாரும் போட்டுக்கணும். ஊசி புடிக்க ரெண்டு வாரம் ஆகும், அந்த ரெண்டு வாரமும் மாஸ்க்கை கழட்டாதீங்க. எங்க வீட்டுல அப்பா ஏப்ரல் முதல் வாரத்துல போட்டாரு, எனக்கும் தம்பிக்கும் ஜூன்ல தான் கிடைச்சுது, அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் மொட்டை மாடியில தார்பாய் கட்டி படுத்தோம், அம்மாவுக்கு சாப்பாட்டை வாசப்படியில வெச்சுட்டு நகந்துடுவோம். அம்மா ஃபைல் இப்ப டிவி ஸ்டாண்டு மேல் தட்டுல இருக்கு, சிவப்பு கலர், பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அது எங்க இருக்குன்னு காட்டி வெச்சிருக்கேன்.